மேக்கால எது என்று தெரிந்த பிள்ளைக்கு மேப் ஏன் வரவில்லை?

சென்னிமலை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். சென்னிமலைப் பக்கம் ஒரு பள்ளியில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். நான் படித்தது வரலாறு. புவியியலை வேலைக்கு வந்த பிறகுதான் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தேன். அதனாலேயே இந்தக் கேள்வி என்னை விடாமல் உறுத்துகிறது.

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, "புவியியல்னா உனக்கு என்ன?" என்று எழுதச் சொன்னேன். பேர் எழுத வேண்டாம், மார்க் கிடையாது என்றேன். வந்த பதில்களில் சில: "மேப் பாடம்." "நிறைய பேர் வரும், படிச்சா மறந்துரும்." "வரலாறுல கதை இருக்கு, இதுல கதை இல்ல." "புயல், எரிமலை நல்லா இருக்கும், மண் வகை போர் அடிக்கும்." "இது படிச்சு என்ன வேலைக்குப் போறது?" பிடிக்கும் என்று எழுதியவர்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் சொன்ன காரணம், கணக்கு இல்லை என்பது.

இதையெல்லாம்விட ஒரு விஷயம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. எட்டாம் வகுப்பிலிருந்தே நான் கவனித்து வரும் ஒரு பெண். தோட்டத்து வீடு, ஆடு மாடு உண்டு. "உங்க வீடு எங்கே சாமி?" என்று கேட்டால் வகுப்பறைக்குள் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, "இப்படியே மேக்கால போனா இட்டேரி வருங்க டீச்சர், அதுல தெக்கால திரும்புனா கொறங்காடு, அதுக்கு வடவரம் எங்க ஊடு" என்பாள். (இட்டேரி என்றால் வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை, கொறங்காடு மேய்ச்சல் நிலம், வடவரம் வடக்குப் பக்கம்.) நீட்டிய கை துல்லியமாக மேற்கைத்தான் காட்டும். அதே பெண்ணிடம் தமிழ்நாட்டு அவுட்லைன் மேப்பைக் கொடுத்து நொய்யல் ஆற்றைக் குறிக்கச் சொன்னேன். தர்மபுரி பக்கம் பென்சிலை வைத்து, மேலிருந்து கீழாக மதுரை வரை ஒரே கோடாக இழுத்துவிட்டாள். நொய்யல் அவள் ஊரிலிருந்து ஒரு பஸ் தூரம்.

திசை இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு மேப் ஏன் வரவில்லை? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கீழ்பவானிக்காரன், திங்கள் இரவு 10.25

டீச்சர், நான் விவசாயி. ஆனால் இதற்குப் பதில் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை தப்பாக வரையவில்லைங்க. நீங்கள் சொன்னதைத் தமிழில் புரிந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

மேற்கு என்ற சொல்லிலேயே மேல் இருக்கிறது, கிழக்கில் கீழ் இருக்கிறது. நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்து கிடப்பதால் வந்த சொற்கள் இவை. மேக்கால என்றால் எங்களுக்கு மேட்டுப்பக்கம், தண்ணீர் வருகிற பக்கம். கிழக்கால என்றால் தண்ணீர் போகிற பக்கம். வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. அந்தப் பிள்ளையிடம் சுவரில் தொங்கும் மேப்பைக் காட்டி, மேல்பக்கம் வடக்கு என்கிறோம். ஆறு மேலேயிருந்து கீழே வரும் என்பது அதற்குத் தெரியும். மேப்பில் மேலே எதுவோ அங்கிருந்து கீழே இழுத்திருக்கிறது. சொல்லில் வந்த குழப்பம் இது, புத்தியில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். அத்திக்கடவு அவிநாசித் திட்டத்துக்காக எத்தனை வருடம் போராடினோம் என்று இங்கே பலருக்கும் தெரியும். 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைத்தார்கள். காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானி உபரி நீர் 1.5 டிஎம்சியை எடுத்து 1,045 குளம் குட்டைகளுக்கு அனுப்புகிறார்கள். வழியில் 6 இடங்களில் பம்ப் வைத்து ஏற்ற வேண்டியிருக்கிறது. ஏன்? அவிநாசி, அன்னூர் எல்லாம் மேக்கால, அதாவது மேட்டில் இருக்கின்றன. ஆறோ தாழ்வில் ஓடுகிறது. இதைக் கேட்டால் ஆறாம் வகுப்புப் பையன்கூடச் சொல்வான். பாடத்தில் வந்து, ஐந்து மதிப்பெண் கேள்வியாகிவிட்டால் மட்டும் அவனுக்கே அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது.

---

பத்தாவது அம்மா, செவ்வாய் காலை 6.10

நாமக்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் இருவரும் சொல்வது நன்றாக இருக்கிறது. எங்கள் வீட்டு நிலைமையையும் கேளுங்கள்.

என் மகள் விடுதியோடு சேர்ந்த ஒரு தனியார் பள்ளியில் பத்தாவது படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் பாடத்தை மூன்றே மாதத்தில் முடித்துவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்துக்குப் போய்விட்டார்கள். அந்த மூன்று மாதத்தில் நிலக்கோளம், வளிமண்டலம், நீர்க்கோளம் எல்லாம் ஓட்டமாக ஓடின. மேப் படிக்கிற முறையைச் சொல்லித் தரும் பாடமும் அதில்தான் இருந்ததாம். அதைத் தொடவே இல்லை என்கிறாள். படிக்கக் கற்றுக்கொடுக்காமல் பத்தாவதில் மேப்பைக் கையில் கொடுத்து இடத்தைக் குறி என்றால் என்ன செய்வாள்? புள்ளி வைக்கிற இடத்தை மனப்பாடம் செய்கிறாள். "கோதாவரிக்கு இந்த மூலையிலேர்ந்து விரக்கடை தள்ளி" என்று ஸ்கேல் வைத்து அளந்து படிக்கிறாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், மனசு கேட்கவில்லை.

ஆனாலும் பள்ளிக்கூடத்தை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். சேர்க்கும்போது நாங்களே கேட்டது நீட்டுக்கும் கணக்குக்கும் என்ன சொல்லித் தருவீர்கள் என்றுதான். புவியியல் யார் எடுக்கிறார்கள் என்று ஒரு பெற்றோரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் சேர்த்துத்தான் ஒரே நூறு மதிப்பெண். அதில் இதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கணக்குப் போட்டுவிடுகிறார்கள். வீட்டில் எதைக் கேட்கிறோம், எதைக் கேட்பதில்லை என்பதை வைத்துத்தான் அவர்கள் பாடத்துக்கு மரியாதை கொடுக்கிறார்கள்.

---

ரிக் வண்டி, செவ்வாய் பகல் 1.15

ஊர் திருச்செங்கோடு. அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் இருபது வருடம் ஓடினார். எங்கள் ஊர் ரிக் வண்டிகள் போகாத மாநிலம் குறைவு.

அவர் படித்தது எட்டாவது வரை. ஆனால் ராஜஸ்தானில் எங்கே மணல் சரியும், தெலங்கானாவில் எத்தனை அடியில் கெட்டிப் பாறை தட்டும், மகாராஷ்டிரத்துக் கருங்கல் எப்படி இருக்கும், எல்லாம் சொல்வார். போர் போடும்போது மேலே வருகிற தூளை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நிறம் மாறினால் அடுக்கு மாறிவிட்டது என்று அர்த்தம். ஈரத்தூள் வந்தால் பக்கத்தில் வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் வரலாம். காங்கேயம் பக்கம் ஆயிரம் அடி தாண்டியும் புழுதி மட்டுமே பறந்த போர்களைப் பார்த்திருக்கிறார்.

நான் பத்தாவதில் தீபகற்பப் பீடபூமி என்று படித்தபோது அது என்னவென்றே தெரியாது. "பழமையான கடினப் பாறைகளால் ஆனது" என்று எழுதி மார்க் வாங்கினேன். அப்பா கையில் தேய்த்துக் காட்டிய தூள்தான் அந்தப் பழமையான கடினப் பாறை என்பது கல்லூரி முடித்த பிறகுதான் உறைத்தது. கெட்டிப் பாறையில் தண்ணீர் வெடிப்பில் மட்டும்தான் நிற்கும், அதனால்தான் ஒரு தோட்டத்தில் தண்ணீர் வந்து அடுத்த தோட்டத்தில் வராமல் போகிறது என்று அன்றைக்கு வகுப்பில் ஒருவர் சொல்லியிருந்தால் நான் வீட்டுக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். அந்தப் பேச்சு எங்களுக்குள் நடக்கவே இல்லை. இப்போது அவர் இல்லை.

---

ஆடிக்காத்து, செவ்வாய் மாலை 7.30

நான் உடுமலைப் பக்கம் பத்தாவது படிக்கிறேன். அண்ணா ஐடியில் எழுதுகிறேன். பெரியவங்க பேசுற இடத்துல நான் எழுதலாமா தெரியலை, தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க.

எனக்குப் புவியியல் பிடிக்கும். ஆனால் வகுப்பில் சொல்ல மாட்டேன். பிடிக்கும்னு சொன்னா, "அப்ப நீ சயின்ஸ் குரூப் எடுக்கலையா?"ன்னு கேட்பாங்க. பிளஸ் ஒன்ல புவியியல் வர்ற குரூப் எங்க ஊர்ப் பக்கம் இல்லை. பத்தாவதோட இந்தப் பாடம் எனக்கு முடிஞ்சிடும்.

எனக்கு எப்படிப் பிடிச்சதுன்னா, எங்க வீட்டைச் சுத்திக் காத்தாலை நிறைய இருக்கு. வைகாசியில இருந்து ஆவணி வரைக்கும் நிக்காமச் சுத்தும். துணி காயப் போட முடியாது, கிளிப் போட்டாலும் பறந்துடும். "ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்"னு பாட்டி சொல்லுவாங்க. ஏன் இங்கே மட்டும் இவ்வளவு காத்துன்னு சயின்ஸ் டீச்சர்கிட்டக் கேட்டேன். அவங்க போர்டுல ரெண்டு மலை வரைஞ்சு நடுவுல ஓட்டை விட்டாங்க. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவுல பாலக்காட்டுக் கணவாய். 30 கிலோமீட்டருக்கு மேல அகலம். தென்மேற்குப் பருவக்காத்து மலையில முட்டி மழையைக் கேரளாவில கொட்டிட்டு, மிச்சக் காத்து மட்டும் இந்த ஓட்டை வழியா வேகமா வருதுன்னு சொன்னாங்க. அன்னைக்குச் சாயங்காலம் மொட்டை மாடியில நின்னேன். காத்து முகத்துல அடிச்சுது. கேரளாவில இருந்து வருதுன்னு தெரிஞ்சப்புறம் அது வேற மாதிரி இருந்துச்சு.

பாடப் புத்தகத்துல மழை மறைவுப் பகுதின்னு ஒரு வரி இருக்கு. அது நாங்கதான்னு அதுல இல்லை.

---

பழைய வாத்தியார், செவ்வாய் இரவு 9.05

தம்பி, நீ எழுதலாம். இந்த இழையில் இதுவரை வந்ததில் உன் பதிவுதான் சிறந்தது.

நான் பூகோளம் என்று சொன்ன காலத்திலிருந்து பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் ஒரு மறுப்பை எழுதுகிறேன். நம் ஊர், நம் ஆறு, நம் காற்று என்பதோடு நின்றுவிட்டால் அது புவியியல் ஆகாது. இந்தத் தம்பியின் காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் அதற்கு வாசல்தான். காற்று புறப்படும் இடம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மஸ்கரீன் தீவுகளுக்கு அருகே இந்தியப் பெருங்கடலில் உருவாகும் உயர் அழுத்தம். அங்கிருந்து தென்கிழக்குக் காற்றாகக் கிளம்பி, பூமத்திய ரேகையைத் தாண்டியதும் பூமி சுழல்வதால் வலப்பக்கம் விலகி, தென்மேற்குக் காற்றாக நம் நாட்டுக்குள் வருகிறது. உடுமலையில் துணி பறக்கிறது என்றால் மஸ்கரீன் எங்கே என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு உலக வரைபடம் வேண்டும், அட்சக்கோடு வேண்டும், பெயர்களும் வேண்டும். பெயர்களை மனப்பாடம் செய்வதே பாவம் என்பதுபோல் இப்போது பேசுகிறார்கள். வாய்ப்பாடு தெரியாமல் கணக்கு வருமா?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. "தென்னிந்தியாவின் மான்செஸ்டர் கோயம்புத்தூர்" என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கிறோம். மான்செஸ்டர் எங்கே இருக்கிறது என்று என் வகுப்பில் கேட்டு ஒரு கைகூட உயராத ஆண்டுகள் உண்டு. கோவையில் ஏன் மில்கள் வந்தன? சுற்றிலும் கரிசலில் பருத்தி விளைந்தது, சரி. 1932இல் நீலகிரியில் உள்ள பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கியது. அதன் பிறகுதான் மில்கள் மளமளவென்று பெருகின. மலையில் பெய்த மழை கம்பி வழியாக வந்து நூற்புக் கதிரை ஓட்டியது. மழை, மலைச்சரிவு, மண், பயிர், ஆலை என்று ஐந்து பாடங்களை இந்த ஒரு ஊரை வைத்தே கோத்துவிடலாம். நாம் அவற்றை ஐந்து பட்டியல்களாகப் பிரித்துக் கொடுக்கிறோம். "இதுல கதை இல்ல" என்று எழுதிய பிள்ளை சரியாகத்தான் எழுதியிருக்கிறது. கதையை நாம் எடுத்துவிட்டோம்.

---

மேப்காரி, புதன் காலை 8.20

பி.எஸ்ஸி. புவியியல் கோவையில் படித்தேன். இப்போது ஜிஐஎஸ் வேலை. அதாவது செயற்கைக்கோள் படங்களையும் நில அளவை விவரங்களையும் கணினியில் அடுக்கி மேப் செய்கிறேன். "இது படிச்சு என்ன வேலைக்குப் போறது?" என்று கேட்ட பிள்ளைக்கு என்னைக் காட்டலாம் டீச்சர். குழாய் பதிப்பது, காற்றாலைக்கு இடம் பார்ப்பது, வெள்ளம் எங்கே ஏறும் என்று கணிப்பது, பயிர்ப் பரப்பை அளப்பது என எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது. நான் சேர்ந்தபோது உறவினர்கள் "வேற சீட்டு கிடைக்கலையா கண்ணு?" என்றுதான் கேட்டார்கள். அதை இன்னும் மறக்கவில்லை.

பழைய வாத்தியார் ஐயா சொன்னதில் பாதி எனக்கு உடன்பாடு. பெயர்கள் வேண்டும். ஆனால் பெயர் போய் உட்கார ஒரு இடம் மனசில் இருக்க வேண்டும் இல்லையா? அந்த இடத்தைச் சொந்த ஊரில்தான் முதலில் உண்டாக்க முடியும்.

எனக்கு அது நடந்தது காலிங்கராயன் வாய்க்காலில். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது, சுமார் 90 கிலோமீட்டர். பவானியில் கிளம்பி வளைந்து வளைந்து நொய்யல் வரை போகிறது. வாய்க்காலை வெட்டிய காலிங்கராயன் வழி தெரியாமல் நின்றபோது ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து வழிகாட்டியது என்று எங்கள் அம்முச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சொல்வார். கல்லூரி முதலாண்டில் 1:50,000 அளவு டோப்போ மேப்பை, அதாவது நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் மேப்பை, மேசையில் விரித்தார்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் பழுப்பு நிறத்தில் நெளிந்து போயின. அவற்றோடு ஒட்டியபடியே நீலத்தில் வாய்க்கால். மேடு வந்தால் சுற்றிப்போய், பள்ளம் வந்தால் உள்வாங்கி, மட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. தண்ணீர் தானாக ஓட வேண்டுமானால் அப்படித்தான் போக முடியும். அம்முச்சி சொன்ன பாம்பு அந்தத் தாளில் படுத்துக் கிடந்தது. பம்பும் கருவியும் இல்லாத காலத்தில் மட்டம் பார்த்தவர்கள் அதைப் பாம்புக் கதையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சம உயரக் கோடு என்றால் என்ன என்று அதற்குப் பிறகு எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

டீச்சர், பள்ளியில் இணைய வசதி இருந்தால் இஸ்ரோவின் புவன் தளத்தைத் திறந்து பிள்ளைகளை அவரவர் வீட்டுக் கூரையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கீழ்பவானிக்காரன் அண்ணா சொன்ன மேல், கீழ் குழப்பத்துக்கு ஒரு வழி உண்டு. மேப்பைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் போடுங்கள். மேப்பின் வடக்கு நிஜ வடக்கைப் பார்க்கட்டும்.

---

கீழ்பவானிக்காரன், புதன் காலை 11.00

வாத்தியார் ஐயா, மஸ்கரீன் பேரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். மத்தியானம் மேகாத்தில், அதாவது மேற்குக் காற்றில், நின்று மோட்டார் போடும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றிங்க.

டீச்சருக்கு ஒன்று: ஆகஸ்ட் 15 வாக்கில் பவானிசாகர் அணையில் திறந்தால் எங்கள் மதகுக்குத் தண்ணீர் வந்துசேரச் சில நாள் ஆகும். கீழ்பவானிப் பெரிய வாய்க்கால் நீளம் சுமார் 200 கிலோமீட்டர். 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கரில் பாதிக்கு ஒரு போகம், மீதிப் பாதிக்கு அடுத்த போகம். ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று உங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு வீட்டுப் பேச்சிலேயே தெரிந்திருக்கும். காய்ந்த வாய்க்காலில் முதல் தண்ணீர் சருகைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டி வாருங்கள். எங்கள் தோட்டத்தில் மோர் தருகிறோம்.

---

சென்னிமலை டீச்சர், வெள்ளி இரவு 10.10

எல்லோருக்கும் நன்றி. செய்து பார்த்தேன், நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வியாழன் கடைசி இரண்டு பாடவேளை. வேப்பமரத்தடியில் மண் தரை. முதலில் பிள்ளைகளிடம் வடக்கு எது என்று கேட்டேன். யாரும் யோசிக்கவே இல்லை, எல்லாக் கையும் ஒரே பக்கம் நீண்டது. அந்தப் பக்கம் பார்த்துக் கோலமாவில் தமிழ்நாட்டை வரைந்தேன். நீளம் பதினைந்து அடி இருக்கும். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நொய்யல் எங்கிருந்து வருது சாமி?" என்றேன். "வெள்ளியங்கிரிங்க டீச்சர், மேக்கால." "அப்ப மேக்கால போய் நில்லு." வரைபடத்தின் மேற்கு ஓரத்தில் போய் நின்றாள். கையில் நீலக் கோலப்பொடி கொடுத்தேன். குனிந்தபடியே பொடியைத் தூவிக்கொண்டு கிழக்கே நடந்தாள். கோவை, திருப்பூர் என்று தானே சொல்லிக்கொண்டு போய்க் காவிரி வர வேண்டிய இடத்தில் நின்றுவிட்டாள். "காவேரிய யாராச்சும் போடுங்க, நான் சேரணும்" என்று கத்தினாள். மூன்று பேர் ஓடினார்கள். ஒருவன் மேட்டூரிலிருந்து, ஒருவன் பவானி, ஒருத்தி அமராவதி. நான் ஓரமாக நின்றுவிட்டேன்.

அப்புறம் எதிர்பார்க்காத ஒன்று. எங்கள் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பையன் இருக்கிறான். அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. தமிழ் புரியும், அதிகம் பேச மாட்டான். தமிழ்நாட்டு மேப்பில் அவனுக்கு இடமில்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. "உங்க ஊரு எங்கே?" என்றேன். கோட்டைத் தாண்டி வெறும் தரையில் வடகிழக்காக நடந்தான், கொடிக்கம்பம் வரை போனான். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அங்கிருந்து திரும்பி வரும்போது ரயில் வழியைச் சொன்னான்: டிட்லாகர், ராயகடா, விஜயநகரம், விசாகப்பட்டினம். அப்புறம் ராஜமுந்திரியில் கோதாவரிப் பாலம், விஜயவாடாவில் கிருஷ்ணா. "கோதாவரி ரொம்பப் பெரிசு டீச்சர், பாலம் முடியவே முடியாது. எல்லாரும் காசு போடுவாங்க" என்றான். காட்பாடி, சேலம், ஈரோடு என்று முடித்து எங்கள் நடுவில் வந்து நின்றான். அவன் காலடி பதிந்த வழியில் பிள்ளைகள் கோலமாவு போட்டார்கள். விரக்கடை வைத்து அளக்கிற பத்தாவது அம்மாவின் மகளை நினைத்துக்கொண்டேன்.

ஐயா சொன்னதும் சரியாக இருந்தது. ஆற்றின் பெயர்களும் ஸ்டேஷன் பெயர்களும் அவன் வாயில் வரிசையாக வந்ததால்தான் மற்றவர்களால் பின்னால் நடக்க முடிந்தது. அன்றைக்கு வீட்டுப் பாடமாக அட்லஸில் கோதாவரியைத் தேடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை, நாசிக் பக்கம் அரபிக்கடலுக்கு அவ்வளவு கிட்டத்தில் பிறந்துவிட்டு எதற்கு இத்தனை தூரம் கிழக்கே வருகிறது என்று ஒருவன் கேட்டான். பதிலை அந்தப் பெண் சொன்னாள்: "அங்கியும் மேக்கால மேடுதான்."

பத்தாம் வகுப்புக்கு இதற்கு நேரம் கிடைக்குமா என்று தெரியவில்லை, தேர்வு நெருங்குகிறது. ஒன்பதாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளையைத் தரைக்குக் கொண்டுவரத் தலைமையாசிரியர் சம்மதித்துவிட்டார். உடுமலைத் தம்பி, அடுத்த வாரம் பாலக்காட்டுக் கணவாய். இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி மலை கட்டப் போகிறோம்.

மேப்காரி, பெருந்துறை, சென்னிமலை வரும் பழைய டோப்போ மேப்பின் பிரதி எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள். கீழ்பவானிக்காரன் ஐயா, தண்ணீர் திறந்த அன்றே எனக்கு ஒரு செய்தி போடுங்கள். முப்பத்து நான்கு பேர் வருகிறோம்.